தூரிகையும் இயந்திரமும்

படம் ஒன்று வேண்டுமாயின் அதனைச் சொற்களால் விவரித்தாற் போதும். செயற்கை நுண்ணறிவு சில விநாடிகளில் வரைந்து தந்துவிடுகின்றது. இதனால் நன்மை அடைவோர் யார், இழப்படைவோர் யார் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நன்மையை முதலிற் கூறுதல் முறை. மாணவர் சஞ்சிகைக்கு அட்டைப்படம் தேடும் பாடசாலைக்கும், கடன்பட்டு முதல் நூலை அச்சிடும் இளம் கவிஞருக்கும் ஓவியருக்குக் கொடுக்கப் பணம் போதுவதில்லை. இத்தகையோருக்கு இக்கருவி கைகொடுக்கின்றது. அதனைக் குறை கூறுதல் பொருந்தாது.

ஆயின், அந்தக் குறைந்த விலை எவ்வாறு வந்தது? இணையத்திற் கிடந்த கோடிக்கணக்கான படங்களை ஊட்டியே இயந்திரத்தைப் பயிற்றினர். அவற்றை வரைந்தோருட் பெரும்பாலாரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை, ஊதியமும் கொடுக்கவில்லை. 2023 சனவரியில் அமெரிக்காவில் ஓவியர் மூவர் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர்.

“மனிதனும் பிறரைப் பார்த்துத்தானே கற்கின்றான்?” எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. இதற்கு விடை எமது இணுவிலில் உண்டு. தவிலும் நாதசுரமும் தலைமுறை தலைமுறையாக முழங்கும் ஊர் இது. 1933 இல் இங்கு பிறந்து 1975 இல் மறைந்த தவில் மேதை தட்சணாமூர்த்தி அம்மரபிற் தோன்றியவர். அம்மரபில் மாணவன் ஆசிரியரைப் பார்த்தே பழகுவான். ஆயின், ஆசிரியர் இசைந்து கற்பிப்பார். மாணவன் தட்சிணை வைப்பான். சபையில் ஆசிரியரின் பெயரைப் பெருமையோடு சொல்வான். இசைவு, காணிக்கை, பெயர் என்னும் இம்மூன்றும் இயந்திரப் பயிற்சியில் இல்லை.

சட்டம் யாது கூறுகின்றது? எமது நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கியோன் என்பவர் படைப்பை ஆக்கிய மனிதரே. பதிவு செய்யாமலே உரிமை பிறக்கின்றது. அவர் வாழ்நாளிலும் அதன்பின் 70 ஆண்டுகளும் நிலைக்கின்றது. எனினும், சட்டம் காப்பது வரைந்த படத்தையே. வரையும் பாணியை அன்று. பாணி பறிபோயிற்றென்று கிராமத்து ஓவியர் ஒருவர் வெளிநாட்டுப் பெருநிறுவனத்தோடு வழக்காடுவது இயலுமோ?

இயந்திரப் படத்தை வாங்குவோரும் ஒன்றை அறிதல் வேண்டும். மனிதரின்றி இயந்திரம் மாத்திரம் ஆக்கிய படத்துக்குப் பதிப்புரிமை இல்லையென 2025 மார்ச்சில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. எமது சட்டத்தின் சொற்களும் அத்திசையையே காட்டுகின்றன. அவ்வாறாயின், இன்று உங்கள் கடைக்குச் சின்னமாகும் படத்தை நாளை அயற்கடைக்காரர் எடுத்தாலும் தடுத்தல் அரிதாகும்.

நேர்மையான வழி இல்லாமலில்லை. 2024 இல் வெளிவந்த ‘லால் சலாம்’ திரைப்படப் பாடலொன்றில், மறைந்த பாடகர்களான பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் இக்கருவியால் மீட்டெடுத்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று உரிய ஊதியமும் வழங்கியதாக அவர் அறிவித்தார். பெரியோருக்குச் செய்வதைச் சிறியோருக்கும் செய்தல் வேண்டும்.

ஏனெனில், சிறு வேலைகளே பெருங்கலையின் நாற்றுமேடை. இணுவில் கந்தசுவாமி கோயிலின் மஞ்சத்தைக் கண்டோர் அதன் மரச்சிற்பங்களை வியப்பர். அத்தகைய வேலையை எந்தச் சிற்பியும் முதல் நாளிலேயே செய்துவிடுவதில்லை. கதவிலும் தூணிலும் உளி பழகிய கையே அங்கு சென்று சேரும். பெயர்ப்பலகை எழுதுவோரும் வாகனங்களுக்கு வர்ணந் தீட்டுவோரும் அவ்வாறே வளர்கின்றனர். அச்சிறு வேலைகள் அற்றுப்போயின், நாளைய கலைஞன் எங்கே பழகுவான்?

ஆதலின், வசதியற்றோர் இயந்திரப் படத்தைப் பயன்படுத்துக. அஃது இயந்திரப் படமென்று குறிப்பிடுக. வாழும் ஓவியர் ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் பாணியிற் படம் கேளாதொழிக. வசதியுடையோர், சிறப்பாக ஆலயங்களும் சங்கங்களும், தம்மூர் ஓவியரை அழைத்து வேலை கொடுத்து, உரிய கூலியும் அளித்து, அவர் பெயரையும் அச்சிடுக. விலை மலிவாதல் நன்று. மனிதனின் உழைப்பு மலிவாதல் நன்றன்று.