சூரிய மின்தகட்டின் சட்டம்



2016ஆம் ஆண்டில் அரசாங்கம் 'சூரிய பல சங்ராமய' என்னும் திட்டத்தைத் தொடக்கிய பின்னர், நமது நாட்டின் வீட்டுக் கூரைகள் பலவற்றில் சூரிய மின்தகடுகள் ஏறியிருக்கின்றன. கடன்பட்டு ஏற்றினோரும் உளர். விற்போர் 25 ஆண்டு என்று சொல்வர். அது பெரும்பாலும் மின்கலங்களின் ஆற்றலைப் பற்றிய கணக்கு. அவற்றைச் சுற்றியுள்ள அலுமினியச் சட்டத்தைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. தென்னை மட்டை விழுகின்ற, உப்புக் காற்று வீசுகின்ற நம் ஊர்களில் அச்சட்டம் வளைவதும் மூலை விலகுவதும் நேரக்கூடியவையே. அவ்வேளையில் தகட்டைச் சீர்செய்வதா, கழித்துவிடுவதா என்ற கேள்வி எழுகிறது.

சட்டம் அழகுக்காக அமைந்ததன்று. வழக்கமான தகட்டில், முன்னே சுமார் 3.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடி, பின்னே ஒரு காப்புத் தாள், இடையே ஒட்டுப் பொருளிற் புதைந்த கலங்கள் என அடுக்கு இருக்கும். இதன் ஓரம் சட்டத்தின் வரிப்பள்ளத்திற் பொருந்திப் பசையால் அடைக்கப்பட்டிருக்கும். அந்த அடைப்புப் பிளந்தால் மழைநீர் அங்கே தங்கி, மெல்ல உட்புகும். ஈரம் பட்ட ஒட்டுப் பொருள் நாளடைவில் சிதைந்து, வினாகிரியில் உள்ள அதே அமிலத்தை உண்டாக்கும். அது கலங்களை இணைக்கும் உலோக நாடாக்களை அரித்துவிடும். ஆதலின், சட்டத்திற் கண்ட சிறு பிளவைப் பொறுத்திருந்து பார்ப்போம் என்பது சரியன்று.

ஆயின், எல்லாவற்றையும் ஒட்டிவிடலாம் என்று எண்ணுவதும் தவறு. மூலை விலகல், பசை பிளத்தல், சிறு நெளிவு ஆகியன சீர்செய்யத் தக்கவை. கண்ணாடி வலைபோல் நொறுங்கிய தகட்டின்மேல் பசையை ஊற்றி மீண்டும் கூரையில் ஏற்றுவோர் உளர். அதனை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஈரம் உட்சென்றால் சட்டத்திலேயே மின் பாயக்கூடும். பின்தாள் ஆழமாகக் கிழிந்த தகட்டுக்கும் இதுவே விதி.

தகட்டில் வெயில் படும்வரை அது மின்னை ஆக்கிக்கொண்டே இருக்கும். ஆளியை மூடினாலும் தகடு ஓயாது. பத்துப் பதினைந்து தகடுகள் தொடராக இணைந்த வரிசையில் பல நூறு வோல்ற்று நேரோட்ட மின் நிற்கும். மின் ஓடும்போது இணைப்பைக் கழற்றினால் எழும் தீப்பொறி எளிதில் அணையாது. எனவே இன்வேட்டரையும் நேரோட்ட ஆளியையும் நிறுத்தித் தகட்டை இறக்குவது பயிற்சி பெற்ற மின்வினைஞருக்குரிய வேலை. உத்தரவாதக் காலம் முடியவில்லையாயின், சட்டத்தில் கைவைக்குமுன் விற்றவரிடம் கேட்டுக்கொள்க. பழுதுபார்த்தமையைக் காட்டியே உத்தரவாதத்தை மறுக்க இடமுண்டு.

இறக்கிய தகட்டை மெத்தென்ற விரிப்பின்மேல் கண்ணாடி கீழாகக் கிடத்துக. தகட்டுடன் சேர்த்துச் சட்டத்தைச் சுத்தியலால் நிமிர்த்தலாகாது. கடினமாக்கிய கண்ணாடிக்கு ஓரமே நலிந்த இடம், அங்கே ஓர் அடி பட்டால் முழுவதும் சிதறும். பழைய பசையைப் பிளாத்திக்குச் சீவியாற் சுரண்டி, அற்ககோல் தோய்ந்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். ஈரத்தின்மேல் இட்ட பசை பிடிக்காது. கடையிற் கிடைக்கும் சிலிக்கோன் பசைகளில் வினாகிரி மணம் வீசுவதை வாங்காதீர்கள். அது உலரும்போது அமிலத்தையே வெளிவிடுகிறது. நடுநிலைச் சிலிக்கோன் என்று குறித்ததே வேண்டியது. அதுவும் ஒரு நாளில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் ஆழமே இறுகும். அவசரப்பட்டு ஏற்றுதல் கூடாது. சட்டத்தின் அடியிலுள்ள சிறு துளைகள் நீர் வடிவதற்காக விடப்பட்டவை. அவற்றையும் சேர்த்து அடைத்தால் செய்த வேலை வீணாகும்.

இறுகிய பின், மின்வினைஞர் மெக்கர் கருவியால் கம்பிகளுக்கும் சட்டத்துக்கும் இடையிலான காப்புத்தடையை அளக்க வேண்டும். 1.6 சதுர மீற்றர்த் தகட்டுக்கு 25 மெகா ஓமுக்குக் குறைதல் ஆகாது. தகட்டை நனைத்துவிட்டும் அளப்பது நன்று. உலர்ந்தபோது மறைந்திருக்கும் பிளவு அப்போது தெரியவரும். ஈற்றில் புவித்தொடுப்பு: அலுமினியத்தின் மேற்பூச்சு மின்னைக் கடத்தாதாகையால், தொடுப்புத் திருகாணி அப்பூச்சைக் கீறிப் பிடிக்க வேண்டும். வெறும் செப்புக் கம்பியை அலுமினியத்தோடு நேரே சேர்த்தால் கடலோரத்தில் அவ்விடம் விரைவில் அரித்துப்போகும். இடையே வெள்ளீயம் பூசிய முனையை இட்டு முடுக்குக.