தெருவில் மறிக்கப்பட்டோர் கணக்கு

 

நிறவெறியைப் பழித்துப் பேசுதல் எளிது. அஃது உண்டென அளந்து காட்டுதல் அரிது. முழங்கினால் வெற்றுணர்ச்சி என்று தள்ளுவர். எண்ணிக் காட்டினால் தள்ளவியலாது. அவ்வாறு எண்ணிக் காட்டிய நியூயார்க்கு நகர வழக்கொன்றை இன்று எடுத்துரைக்கின்றேன்.

ஐயத்திற்குத் தக்க கரணியம் இருப்பின், காவலர் ஒருவரைத் தெருவில் மறித்து உடைமேல் தடவிப் பார்க்கலாம் என அமெரிக்கத் தலைமை வழக்குமன்றம் 1968இல் இசைவளித்தது. நியூயார்க்கிலோ, 2004 தொடங்கி 2012 நடுப்பகுதி வரை ஏறத்தாழ 44 நூறாயிரம் முறை மறித்துள்ளனர்! ஒவ்வொரு மறிப்பிற்கும் காவலரே படிவம் நிரப்பல் வேண்டும். அவர்தம் கைப்பட எழுதியவையே அவர்க்கு எதிர்ச்சான்றாயின.

மறிக்கப்பட்டோருள் கறுப்பர் 52 விழுக்காட்டினர். 2010ஆம் ஆண்டுக் கணக்கின்படி நகர மக்களுள் அவர் 23 விழுக்காட்டினரே. இதுவே போதாதா என்பீர்கள். போதாது. "குற்றஞ்செய்தாராகச் சுட்டப்படுவோருள் கறுப்பரே மிகுதி, ஆகலின் மறிக்கப்படுவோருள்ளும் அவரே மிகுதி" என்பது நகராட்சியார் விடை. எதனை அளவுகோலாகக் கொள்வது என்பதே இங்குச் சிக்கல்.

கெல்மன், பேகன், கிசு என்னும் அறிஞர் மூவர், 2007இல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய ஆண்டில் சிறைப்பிடிக்கப்பட்டோர் தொகையையே கோலாகக் கொண்டனர். அக் கோலால் அளந்தும் கறுப்பர் மிகையாகவே மறிக்கப்பட்டமை புலனாயிற்று. சிறைப்பிடித்தலும் அதே காவலர் கையில் அன்றோ? கோலே அவர்பாற் சாய்ந்திருந்தும் முடிவு இதுவே!

மற்றோர் அளவு எளியது. மறித்ததில் அகப்பட்டது எவ்வளவு? கறுப்பரை மறித்த நூற்றில் ஒன்றிற்றான் படைக்கருவி கிட்டியது; வெள்ளையரிடத்தோ நூற்றுக்கு 1.4. வெள்ளையரை வலுத்த ஐயத்தின்மேல் மறித்தவர், கறுப்பரை மெலிந்த ஐயத்திற்கே மறித்தனர் என்பது இதனாற் பெறப்படும். இதற்கும் தடை எழுப்பும் பொருளியலார் உளர்.

மறிக்கப்பட்டோர் 2008இல் தொடுத்த வழக்கில், நடுவர் சீரா செயிண்டிலின் அம்மையார் 2013இல் தீர்ப்பளித்தார். மறிப்புகளுள் 88 விழுக்காடு மேல்நடவடிக்கை ஏதுமின்றியே முடிந்தன. குற்றமற்றாரே மிகப்பலராயிருக்க, குற்றஞ்செய்தார் நிறக்கணக்கு அவர்க்கு எங்ஙனம் பொருந்தும் என நகராட்சியார் கோலை அவர் தள்ளினார். காவலர் நடைமுறை அரசியலமைப்பிற்கு முரணானது என்றும் முடிவுசெய்தார்.

2011இல் 6,85,724ஆக இருந்த மறிப்புகள், 2014இல் ஐம்பதாயிரத்திற்கும் கீழே இறங்கின. குற்றம் பெருகுமென அச்சுறுத்தினர். 2011இல் 515ஆக இருந்த கொலைகள் 2014இல் 333ஆகக் குறைந்தன. ஆயினும், அவ்வாண்டிலும் மறிக்கப்பட்டோருள் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பரே.