பிள்ளையின் கணித அறிக்கையைப் படிப்பது எப்படி?



குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஊர் காஹாங். மற்ற ஊர்களைப் போலவே இங்கும் பள்ளி மதிப்பீட்டு அறிக்கை வீட்டுக்கு வரும் நாளில் பிள்ளைகளின் முகம் வாடிவிடுகிறது. அறிக்கையில் ‘கணிதம் – 3’ என்று இருக்கும். ஆறுக்கு மூன்று என்றால் பாதிதானே, நூற்றுக்கு ஐம்பதுதானே என்று பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள். பிள்ளைக்கு ஏச்சு விழுகிறது. அந்தக் கணக்குச் சரிதானா என்பதை இன்று பார்ப்போம்.

நம்மில் பலர் படித்த காலத்தில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வே பெரிதாக இருந்தது. 1988இல் தொடங்கிய அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. முதல் மூன்று ஆண்டு மாணவர்களுக்கான தேர்வுகள் 2019லேயே நின்றுவிட்டன. வகுப்பறை மதிப்பீடு முதன்மை பெற்றது. ஆசிரியர், பிள்ளையின் எழுத்து வேலை, வாய்மொழி விடை, செய்முறை ஆகியவற்றைத் தொடர்ந்து கவனித்து, ‘டி.பி.’ எனப்படும் அடைவுநிலையை 1 முதல் 6 வரை குறிக்கிறார்.

இந்த எண்கள் புள்ளிகள் அல்ல, படிக்கட்டுகள். கணிதத்தில் முதற்படி, அடிப்படைச் செய்தியை அறிந்திருப்பது. இரண்டாவது, அதை விளக்க முடிவது. மூன்றாவது, அடிப்படைக் கணக்கைத் தானே செய்ய முடிவது. நான்காவது, அன்றாட வாழ்க்கையின் எளிய சிக்கல் கணக்குகளைத் தீர்ப்பது. ஐந்தாவது, கடினமான சிக்கல் கணக்குகளைப் பல வழிகளில் தீர்ப்பது. ஆறாவது, பழகாத புதிய கணக்கையும் சுயமாகச் சிந்தித்துத் தீர்ப்பது. மூன்றாம் படியே பிள்ளை எட்டவேண்டிய குறைந்த அளவு. ஆகவே 3 என்பது தோல்வியன்று. ‘கணக்குச் செய்யத் தெரிகிறது, சிக்கல் கணக்கில் இன்னும் பழக்கம் வேண்டும்’ என்பதே அதன் பொருள். 1, 2 என்றிருந்தால்தான் உடனே துணை தேவை.

நான்கு முதல் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு 2022–2023 கல்வியாண்டில் ஆண்டிறுதித் தேர்வு ஒன்றும் அறிமுகமானது. அத்தேர்வின் தர எழுத்து, குறித்த நேரத்தில் எழுதிய தாளைப் பற்றியது. அடைவுநிலை நெடுநாள் கவனிப்பைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இருந்தாலும், பிள்ளை எந்தப் படியில் நிற்கிறான் என்பதைத்தான் எண் சொல்லும். ஏன் அங்கேயே நிற்கிறான் என்பதை அவனுடைய பயிற்சிப் புத்தகம்தான் சொல்லும். ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள்.

லாரியில் 240 செம்பனைக் குலைகள் இருந்தன. எட்டில் மூன்று பங்கு இறக்கப்பட்டது. மீதம் எத்தனை குலைகள்?

சரியான விடை 150. ஒரு பிள்ளை 90 என்று எழுதுகிறாள். இறக்கியது 90தான், கணக்குச் சரி, ஆனால் கேள்வி கேட்டது மீதத்தை. இன்னொருவன் 240இலிருந்து 3ஐக் கழித்து 237 என்கிறான். அவனுக்குப் பின்னமே விளங்கவில்லை. மூன்றாமவன் வழியைச் சரியாகப் பிடித்து, முப்பதை மூன்றால் பெருக்கும்போது 80 என்று தவறி, 160 என்று முடிக்கிறான். மூவருக்கும் சிவப்பு மையில் ஒரே தவறுக்குறிதான். மருந்து மட்டும் ஒன்றல்ல. முதல் பிள்ளைக்குக் கேள்வியைச் சொந்தச் சொல்லில் திருப்பிச் சொல்லும் பழக்கம் வேண்டும். இரண்டாமவனுக்கு ஒரு ரொட்டியை எட்டாக வெட்டிக் காட்டவேண்டும். மூன்றாமவனுக்கு வாய்பாடு போதும். மூவரையும் ஒரே டியூஷனுக்கு அனுப்பினால் காசுதான் கரையும்.

ஆஸ்திரேலியக் கல்வியாளர் ஆன் நியூமன் 1977இல் இத்தகைய தவறுகளை ஆராய்ந்து, ஐந்து கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். அவற்றை வீட்டிலும் ஐந்து கேள்விகளாகக் கேட்கலாம். கேள்வியை வாசித்துக் காட்டு. என்ன கேட்கிறார்கள்? எப்படிச் செய்யப் போகிறாய்? செய்து காட்டு. விடையை எழுது. பிள்ளை எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் குறை இருக்கிறது. இதற்குத் தாயோ தந்தையோ கணிதம் படித்திருக்கவேண்டும் என்பதில்லை. பொறுமையாகக் கேட்கத் தெரிந்தால் போதும்.

பள்ளிக்குச் செல்லும்போது, ‘ஏன் மூன்று போட்டீர்கள்?’ என்று ஆசிரியரைக் கேட்காதீர்கள். ‘எந்தத் தலைப்பில் தடுமாறுகிறான்? அடுத்த படிக்கு வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?’ என்று கேளுங்கள். மாதக் கடைசிவரை காத்திருக்கவும் வேண்டாம். பின்னம் புரியாத பிள்ளைக்கு அடுத்து விழுக்காடும் புரியாது. ஒரு கல் பெயர்ந்தால் சுவரே ஆடும் அல்லவா?

எல்லாவற்றுக்கும் மேலாக, அண்ணன் தங்கையோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிட்டுப் பேசாதிருப்போம். ‘எனக்குக் கணக்கு வராது’ என்று ஒன்பது வயதில் ஒரு பிள்ளை தீர்மானித்துவிட்டால், அந்தத் தீர்மானத்தைப் பின்னர் மாற்றுவது, பின்னத்தைக் கற்பிப்பதைவிடக் கடினம். அடுத்த அறிக்கை வரும்போது எண்ணைப் பார்ப்பதோடு பயிற்சிப் புத்தகத்தையும் திறந்து, பிள்ளையை அருகில் அமர்த்திக்கொள்வோமாக.