தோணிக்காரர் வீட்டு டின் மீன்

போன வாரம் மாசிக் கருவாடு பத்திப் பேசினோம். அதைக் கேட்ட ஒருத்தர், "தூத்துக்குடியில போய் யாராவது டின் மீன் சாப்பிடுவாங்களா?"ன்னு கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். காலையில திரேஸ்புரம் கரைக்குப் போனா பச்சை மீன் கிடைக்கிற ஊர்ல டப்பா மீனுக்கு என்ன வேலை?

ஆனா எங்க வீட்ல இருந்துச்சு. அப்பா தோணியில வேலை பாத்தாங்க. பழைய துறைமுகத்துல இருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயம், காய்கறி, கட்டடச் சாமான்னு ஏத்திட்டுப் போற மரக்கலம் அது. கொழும்பு நடை முடிஞ்சு வந்தா பையில சோப்பும் நாலஞ்சு டின்னும் இருக்கும். இலங்கையில அது சாதாரண வீட்டுச் சாமான், 425 கிராம் டின். ஜாக் மேக்கரல்னு எழுதியிருக்கும். பேருதான் மேக்கரல், உண்மையில நம்ம பாறை மீன் குடும்பம். எங்களுக்கு அது வெளிநாட்டுப் பண்டம். அலமாரியில முன்னாடி அடுக்கி வைப்போம்.

அம்மா முதல் தடவை அதைப் பச்சை மீன் மாதிரியே புளிக்குழம்புல போட்டுக் கொதிக்க விட்டாங்க. எல்லாம் கரைஞ்சு கஞ்சியாயிடுச்சு. டின் மீன் ஏற்கனவே வெந்த மீன், அதுதான் விஷயம். தண்ணியை வடிச்சிட்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, தக்காளி நல்லா வதக்கி, மிளகாய்த்தூள் போட்டு, தேங்காய்ப்பால் ஊத்தி, கொதி வந்த பிறகு மீனைப் போடணும். கரண்டியால கிண்டக் கூடாது, சட்டியை ஆட்டினா போதும். அஞ்சு நிமிஷத்துல இறக்கி எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருங்க. முள்ளை எடுக்க வேண்டாம், விரலால நசுக்கினாலே பொடியாகும்.

ஏன் பொடியாகுதுன்னு, இங்க மீன்வளக் கல்லூரியில படிச்ச தோழி ஒருத்தி சொன்னா. டின்னை மூடினதுக்கு அப்புறம் அழுத்தத்துல, ஏறக்குறைய 121 டிகிரி சூட்டுல வேக வைப்பாங்களாம். சாதாரணக் கொதிநீர்ல சாகாத பாட்டுலிசம் கிருமியோட வித்துகளைக் கொல்லத்தான் அவ்வளவு சூடு. இன்னொண்ணும் சொன்னா. சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீனைப் பிடிச்சு ஐஸ் போடாம வச்சா ஹிஸ்டமின்னு ஒண்ணு உருவாகும். அது எவ்வளவு வேக வைச்சாலும் போகாது. டின்னுக்குள்ள போறதும் நல்ல மீனாத்தான் இருக்கணும்.

இதெல்லாம் தெரியாத காலத்துல நடந்ததைச் சொல்றேன். ஒரு வருஷம் அப்பாவோட தோணி மாலேயில சரக்குக்காகக் காத்துக் கிடந்துச்சு. அப்பாவுக்கு நடைக்குத்தான் சம்பளம். வீட்ல காசு இல்ல, கடைசி டின் ஒண்ணு இருந்துச்சு. வரும்போதே ஓரத்துல அடிபட்ட டின். அம்மா எடுத்துப் பாத்தா மேல்மூடி உப்பி நிக்குது. விரலால அமுக்கினா 'டக்'னு உள்ள போய் திரும்ப எழும்புது.

"நல்லாக் கொதிக்க வைச்சா சரியாப் போகும்"னாங்க அம்மா. ஆச்சி விடல. "ஏட்டி, புள்ளைக தின்கிறது"ன்னு பிடுங்கி, கொல்லையில குழி தோண்டிப் புதைச்சிட்டாங்க. அன்னைக்குச் சோறும் துவையலும்தான். அம்மா எங்க முன்னாடி அழல, ஆனா கண்ணு சிவந்திருந்துச்சு. எனக்கு ஆச்சி மேல பயங்கரக் கோபம்.

இப்ப ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் விசைப்படகு தடைக்காலம் வந்தா, மீன் விலையைப் பாத்துட்டு நானும் ஒண்ணு ரெண்டு டின் வாங்கறேன். உப்பினது, கசியுறது, தையல்ல அடிபட்டது எதையும் தொட மாட்டேன். அந்த விஷம் வாடையே இல்லாமலும் இருக்கும், நாக்குல வச்சுப் பாக்கலாம்னு கூட நினைக்காதீங்க. திறந்து மிச்சமானா வேற பாத்திரத்துக்கு மாத்தி ஃபிரிட்ஜ்ல வைங்க.

அடுத்த மாசம் அப்பா வந்து, "அந்தக் கடைசி டின்னு எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டாங்க. "நல்லா இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு அம்மா அடுப்படிக்குப் போயிட்டாங்க.