ஃபைல் திறக்கலையா? முதல்ல ஒரு காப்பி எடுங்க

போன மாசம் ஒருநாள் ராத்திரி 11 மணிக்கு அக்கா போன் பண்ணாங்க. "தீசிஸ் ஃபைல் திறக்கவே மாட்டேங்குதுடா, நாளைக்குக் காலையில கொடுக்கணும்"னு. ஃபைல் சேவ் ஆகி முடியுறதுக்குள்ள பென்டிரைவைப் பிடுங்கியிருக்காங்க.

"அதைத் தொடாதக்கா. ஒரு காப்பி எடு, காப்பியில மட்டும் கை வைப்போம்"னேன். அடுத்து சைஸ். பூஜ்யம் பைட்னா உள்ளே ஒண்ணுமே இல்லை, பழைய பேக்கப்பைத்தான் தேடணும். இது 2 எம்.பி. இருந்தது.

பிறகு நோட்பேடில் திறக்கச் சொன்னேன். பெயருக்குப் பின்னால் வரும் டாக்எக்ஸ், பி.டி.எஃப் எல்லாம் வெறும் லேபிள்தான். உண்மையான அடையாளம் ஃபைலின் முதல் சில பைட்டுகளில் இருக்கிறது. டாக்எக்ஸ் என்பது ஒரு ஜிப் மூட்டை. அதனால் 'பி, கே' என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். 1989-ல் ஜிப் வடிவத்தைக் கொண்டுவந்த ஃபில் காட்ஸின் இனிஷியல் அது.

அக்கா ஃபைலிலும் அந்த எழுத்துகள் இருந்தன. ஜிப்பின் உள்ளடக்கப் பட்டியல் கடைசியில்தான் இருக்கும். அது அறுந்துபோனதால் வேர்ட் திறக்க மறுத்திருக்கிறது. காப்பியின் லேபிளை ஜிப் என்று மாற்றி 7-ஜிப்பில் திறந்தோம். 'வேர்ட்' ஃபோல்டரில் 'டாக்குமென்ட்' என்ற எக்ஸ்.எம்.எல். ஃபைல் முழுசா இருந்தது. எழுதின வரிகள் எல்லாம் அதில்தான் இருக்கும்.

சில படங்கள் போயிடுச்சு. விடியுறவரைக்கும் உட்கார்ந்து திரும்பச் சேர்த்தாங்க. மூணு வருஷ எழுத்து மிஞ்சியது.

உங்க முக்கியமான ஃபைலுக்கு இரண்டாவது காப்பி எங்கே இருக்கு? இன்னைக்கே பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.