எழுத்து உடையாமல் காப்போம்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

போன வருடம் பரிசு வாங்கிய ஒரு மாணவியின் பெயர் 'கோ' என்று தொடங்கும். சான்றிதழில் அந்த எழுத்து உடைந்து, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக அச்சாகிவிட்டது. பிள்ளை அழுதே விட்டது. "மெஷின் செய்த தப்பும்மா" என்று சமாதானம் சொன்னேன். அது முழு உண்மையா?

கணினிக்குள் 'கோ' என்பது இரண்டே எண்கள்: முதலில் ககரம், அடுத்து ஓகாரக் குறி. அந்தக் குறியைப் பிரித்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைப்பது ஒரு சிறு நிரல் நூலகத்தின் வேலை. அப்படி ஒன்று ஹார்ஃப்பஸ். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நீங்கள் தமிழ் படிப்பது அதன் உதவியால்தான்.

அது சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. அம்மொழியில் கவனம் தப்பினால், நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தில் எழுதிக் கெடுத்துவிடும். 2015இல் முதல் நிலைப் பதிப்பு கண்ட ரஸ்ட் மொழி இதைத் தடுக்கிறது. நம் மதிப்பெண் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பலர் சேர்ந்து பார்க்கலாம். ஒருவர் எழுதும்போது வேறு எவரும் தொடக் கூடாது. இவ்விதி மீறப்பட்டால், நிரல் ஓடுவதற்கு முன்பே ரஸ்ட் தடுத்து நிறுத்திவிடும். பெயர்தான் துரு, வேலையோ துருப் பிடிக்காமல் காப்பது!

ஆர்வலர்கள் ஹார்ஃப்பஸை ரஸ்டுக்கு மாற்றி 'ரஸ்டிபஸ்' ஆக்கினார்கள். பழைய நூலகத்தின் சோதனைகளையே புதியதற்கும் வைத்தார்கள். அதன் வழியில் 2025இல் 'ஹார்ஃப்ரஸ்ட்' வந்தது. வீடு மாற்றுவது ஒரு நாள் வேலை; வீட்டைப் பராமரிப்பதோ தினசரி வேலை. மூல நூலகம் மாறும்போதெல்லாம் இதுவும் மாற வேண்டும். தமிழ் உடைந்தால் எடுத்துச் சொல்ல, தமிழ் படித்த கண் வேண்டாமா?

சிங்கப்பூருக்கு இது புதிதல்ல. நம் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி ஓர் ஆசிரியர். 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளில் ஒருவர். 1997இல் தமிழ்நெட் மாநாடு இங்குதான் கூடியது.

பெற்றோர்களே, பிள்ளை கணினி முன் உட்கார்ந்தால் விளையாட்டு என்றே நினைத்துவிடாதீர்கள். மாணவர்களே, உடைந்த எழுத்தைக் கண்டால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். குறித்து வைத்து, திருத்துவோருக்கு எழுதுங்கள். நாளை நீங்களே திருத்துங்கள்.

அந்த மாணவிக்கு நான் இன்னொரு சான்றிதழைக் கையால் எழுதிக் கொடுத்தேன். என் கை எத்தனை பேருக்கு எழுதும்?