பள்ளிச் சிறாரின் நட்பு
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தலைமையாசிரியர் மேடையேறினால் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றித்தான் பேசுவார் என்று எண்ணியிருப்பீர்கள். அதைச் செயலாளர் தம் அறிக்கையில் கூறிவிட்டார். நாம் எடுத்துக்கொண்டது சிறிய பொருள்; ஏழெட்டு வயதுக் குழந்தைகளின் நட்பு.

பொங்கலை ஒட்டிச் செங்கற்பட்டு வட்டாரத்துச் சூளைகளுக்கு வெளியூர்க் குடும்பங்கள் வருவதுண்டு. அவ்வாறு வந்த சிறுமி ஒருத்தி நம் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். நம் தெருச் சிறுமி ஒருத்தி முதல் நாளே பாயில் தன்னருகே இடம் கொடுத்தாள். ஒரு வாரத்தில் இருவரும் இணைபிரியாதவராயினர். அடுத்த வாரமே தொல்லை தொடங்கிற்று. வேறு பிள்ளைகளோடு பாண்டி ஆடினால் காய் விடுவாள். சத்துணவு வரிசையில் வேறொருத்தியோடு நின்றால் அதற்கும் காய். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் எனப் பிள்ளைகளை நிலை பார்த்துப் பிரிக்கிறோம் அல்லவா? நம் சிறுமி மொட்டிலிருந்து மலருக்கு உயர்ந்த அன்று, மற்றவள் அவளுடைய நோட்டை ஒளித்துவைத்தாள். சில நாட்களில் நம் சிறுமி தெரிந்த கணக்கையே தவறாகப் போடலானாள், மொட்டுக்கே திரும்பிவிடலாம் என்று! இது விளையாட்டன்று என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

"அந்தப் பொண்ணோட சேரவே கூடாதுன்னு சொல்லிடுங்க ஐயா" என்றார் தாயார். நாமும் இருவரையும் வகுப்பின் இரு கோடிகளில் அமர்த்தினோம். அது நாம் செய்த பிழை. சூளைச் சிறுமி மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. தன்னால்தான் அவள் நின்றாள் என்று இவள் உண்ணாமல் அழுதாள். சூளைக்கே சென்று விசாரித்தோம். மூன்று ஆண்டுகளில் அது அவளுக்கு நான்காவது பள்ளி. பள்ளிதோறும் ஒரு தோழியை விட்டுவந்தவள், இம்முறை இறுகப் பற்றியிருக்கிறாள்.

தோழமைக்கு ஏங்குவது நமக்குப் புதிதன்று. நம் மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், 1939-இல் வெளிவந்த 'ஜீவிய சரித்திர சுருக்கம்' நூலில் தம் கோயமுத்தூர்ப் படிப்பைக் குறித்து எழுதியுள்ளார். ஏறத்தாழ 400 பிள்ளைகளில் 10 பேர் நீங்கலாக மற்றவர் பிராமணர். பழகினால் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடும் என்றஞ்சி, மணி அடித்த பின்பே வகுப்புக்குள் நுழைவாராம். வகுப்பு கலைந்ததும் எவரும் எட்டாதபடி விரைந்து வீடு சேர்வாராம். கூடி விளையாட முடியாத கொடுமையை எண்ணி மனம் கலங்கியிருக்கிறார். 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்த பெருமகனாரின் பள்ளி நாட்கள் இவை!

ஆகவே, "ஒருத்தியாவது கிடைத்தாளே, அனுசரித்துப் போ" என்று சில தாய்மார்கள் கூறுவதன் காரணம் நமக்கு விளங்குகிறது. ஆயினும் அதை ஏற்பதற்கில்லை. கிடைத்த ஒன்றுக்காகத் தன் அறிவையே மறைத்துக்கொள்ளும் குழந்தை, நாளை வேலைத்தலத்திலும் இல்லறத்திலும் அவ்வாறே குனிந்து நிற்கக்கூடும்.

பின்பு நாம் செய்தது இதுதான். நம் சிறுமிக்கு ஒரே ஒரு வாக்கியம் கற்பித்தோம்: "இன்னிக்கு அவங்களோட ஆடறேன், நாளைக்கு உன்னோட." தாயார் தோழியாக நடிக்க, வீட்டில் பலமுறை சொல்லிப் பழகினாள். மறுநாள் அந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். அதில்தான் நம்பிக்கை பிறக்கும். காய் விட்டால் பின்னால் ஓடிக் கெஞ்சவேண்டாம், அவளே பழம் விடட்டும் என்றோம். அடித்தாலோ, பொருளை ஒளித்தாலோ ஆசிரியரிடம் சொல்வது கோள் ஆகாது என்பதையும் அழுத்திச் சொன்னோம். பல பிள்ளைகளுக்கு இந்த ஐயம் இருக்கிறது. பெரியவர்களாகிய நாம் உண்டாக்கியதே.

மற்றவளை என்ன செய்வது? கல்லாங்காய் ஆட்டத்தில் அவளை வெல்ல ஆளில்லை. நான்கு பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை வகுப்பாசிரியை அவளிடம் ஒப்படைத்தார். முதல் நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். பத்து நாட்களில் நால்வரும் அவளைச் சுற்றியே இருந்தனர். மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களே, நீங்களும் ஒரே இணையை ஆண்டு முழுதும் அருகருகே உட்காரவைக்காதீர்கள், வாரந்தோறும் மாற்றுங்கள்.

சூளை வேலை முடிந்து அவள் ஊர் திரும்பிய நாளில் வழியனுப்ப வந்தவர் ஒருத்தி அல்லர், ஐவர். இவ்வாண்டு தை பிறந்ததும் மீண்டும் வந்து நான்காம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். இருவரும் இன்னமும் சண்டையிடுகின்றனர். சத்துணவு மணிக்குள் பழம் விட்டுக்கொள்கின்றனர்.